பெரிய கலப்பு நாய்க்குட்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வன்னியில் நாய் இல்லாத வளவு குறைவு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணிக்குள் தனி வீடு, பக்கத்து வீடு கூப்பிட்டால் கேட்குமோ கேட்காதோ என்ற தூரத்தில். இரவில் பன்றி வரும், சில இடங்களில் யானையும் வரும். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயது போனவர்களும் இருந்தால், நல்ல உடம்புள்ள, பிள்ளைகளோடு ஒட்டிப் போகிற ஒரு நாய் வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். முழு ரொட்வைலரோ லாப்ரடோரோ வாங்க எல்லோருக்கும் கட்டாது. வாங்கினாலும் சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆகவே பலர் கலப்புக் குட்டி தேடுகிறார்கள். தேடத் தொடங்கியதும் விலை தலையைச் சுற்ற வைக்கிறது. கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும் குட்டியை ஒருவர் சும்மா தூக்கித் தருகிறார், இன்னொருவர் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்புக் குட்டியில் இனத்தின் பெயருக்கு என்று ஒரு ரூபாயும் கொடுக்கத் தேவையில்லை. தாயை நேரில் பார்க்க முடிவது, குட்டி எட்டுக் கிழமை தாயோடு இருந்தது, பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுத்தது, மனிதர் கை பட்டு வளர்ந்தது, இவற்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பேசுவதற்கு வசதியாக மூன்று குட்டிகளை வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக நான் வைப்பவைதான்; உங்கள் பக்கத்தில் கூடக் குறைய இருக்கும். முதலாவது, பக்கத்து ஊரில் ஒரு வீட்டு ஊர்நாய் போட்ட குட்டி. தகப்பன் ஜேர்மன் ஷெப்பர்ட் என்று சொல்கிறார்கள். சும்மா தருவார்கள், அல்லது மூவாயிரம் ரூபாய். இரண்டாவது, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு வீட்டில் லாப்ரடோர் தாய்க்கும் ஜேர்மன் ஷெப்பர்ட் தகப்பனுக்கும் பிறந்தது. இரண்டும் அந்த வீட்டு நாய்கள், தடுப்பூசி அட்டை உண்டு, 20,000 ரூபாய். மூன்றாவது பேஸ்புக்கில் பார்த்தது. தென்பகுதியில் இருந்து வரவேண்டும். ‘ரொட்வைலர் குறோஸ், பெரிய எலும்பு’ என்று போட்டிருக்கிறார்கள். 55,000 ரூபாய், அதில் பாதி முற்பணம்.

விலையைக் கூட்டுவது பெரும்பாலும் தகப்பனின் பெயர்தான். ஊரில் பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் படலையில் நாலைந்து கடுவன்கள் நிற்கும். ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்மார் இருக்கலாம். இது விலங்கியலில் தெளிவாகத் தெரிந்த உண்மை. பக்கத்து வளவு ஜேர்மன் ஷெப்பர்ட் ஒருநாள் வேலி பாய்ந்தது உண்மையாகவே இருக்கலாம். அதனால் ஐந்து குட்டியும் அதனுடையது என்று ஆகாது. தாயை அந்த நாட்களில் அடைத்து வைத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால் தகப்பன் பெயரை விலையிலிருந்து கழித்துவிடுங்கள்.

அடுத்தது நிறம். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு தவிட்டுப் பொட்டு, நெஞ்சிலும் காலிலும் அதே தவிட்டு நிறம் என்றால் ‘ரொட்வைலர் பிறப்பு’ என்று சொல்லிவிடுகிறார்கள். நம்முடைய ஊர்நாய்களிலேயே இந்த நிறம் தாராளமாக உண்டு. மாங்குளம் சந்தியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், ரொட்வைலரைக் கண்ணாலும் காணாத பரம்பரையில் வந்த கறுப்புத் தவிட்டு நாய்கள் போகும். நிமிர்ந்த காதும் அப்படித்தான். ஊர்நாய்க்கும் காது நிமிரும். ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டிக்கே நாலைந்து மாதம் வரை காது விழுந்தும் எழுந்தும்தான் இருக்கும். எட்டுக் கிழமைக் குட்டியின் காதைக் காட்டி விலை கூட்டுபவரிடம் வாதாட வேண்டாம், அந்தத் தொகையைக் கொடுக்காமல் விட்டால் போதும்.

‘பெரிதாக வருமா?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பாதத்தின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள், அது அவ்வளவு நம்பகமில்லை. தாயின் உயரமும் உடம்பும்தான் கையில் இருக்கும் நல்ல சாட்சி. தகப்பனையும் காட்டினால் இன்னும் நல்லது. தாய் பதினைந்து கிலோ ஊர்நாயாக இருந்தால், தகப்பன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குட்டி பெரும்பாலும் இடைப்பட்ட அளவில்தான் நிற்கும். அந்தக் குட்டிக்குப் பெரிய நாய் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இடைப்பட்ட அளவு ஒரு குறையே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இருபது, இருபத்திரண்டு கிலோ நாய் குரைத்தாலே படலையில் வந்தவர் நிற்பார். யானைக்குக் காவலாக இருக்கும் என்று நம்பி நாற்பது கிலோ நாய் வாங்குவது வீண். நாய் செய்யக்கூடியது சத்தம் கொடுத்து உங்களை எழுப்புவது மட்டும்தான். அந்த வேலையை ஊர்நாய் போல யாரும் செய்வதில்லை.

கலப்பு என்றால் நோயே வராது என்ற பேச்சும் அரைவாசிதான் சரி. ஒரே இரத்தத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்ததால் வரும் சில பரம்பரை நோய்கள் கலப்பில் குறையும். இடுப்பு மூட்டுக் கோளாறு அப்படிப் போய்விடாது. அது லாப்ரடோருக்கும் உண்டு, ஜேர்மன் ஷெப்பர்டுக்கும் உண்டு, ரொட்வைலருக்கும் உண்டு. இந்த மூன்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் குட்டிக்கு அது வர வாய்ப்பு இருக்கிறது. குட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெற்ற நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்கும் விற்பனையாளரை இந்தப் பக்கத்தில் காண்பது அரிது. நம்மால் முடிந்தது, தாய் படுத்திருந்து எழும்போது பின்கால்களைக் கவனிப்பது. கஷ்டப்பட்டு எழுந்தால், ஓடும்போது இரண்டு பின்காலையும் முயல்போலச் சேர்த்து வைத்தால், அந்தக் குட்டி சும்மா கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். பின்னாளில் பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா வைத்தியசாலை வரை ஏ9 வீதியால் கொண்டுபோக வேண்டி வரலாம். நாய் முப்பது கிலோ, நடக்க முடியாத நிலை. வான் கூலியை மட்டும் மனதில் கணக்குப் பாருங்கள்.

வாங்கும் விலையை விட வளர்க்கும் செலவுதான் பெரிது. முப்பது கிலோ நாய் ஒன்று உலர் தீவனம் மட்டும் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 கிராம் வேண்டும். அது மாதத்துக்குப் பத்துக் கிலோவைத் தாண்டும். நம் வீடுகளில் சோறும் மீன்தலையும் இறைச்சிக் கழிவும் சேர்த்து அவித்துப் போடுவார்கள். மிளகாயும் உப்பும் வெங்காயமும் போடாவிட்டால் அது நல்ல சாப்பாடுதான், ஆனால் அதுவும் சும்மா வருவதில்லை. ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்தால் வருடம் 109,500 ரூபாய். பெரிய நாய் பத்து வருடம் இருக்கும் என்றால் பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது. இதன் பக்கத்தில் வைத்தால் மூவாயிரத்துக்கும் 55,000க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ‘பத்து இலட்சம் செலவழிக்கப் போகிறோம், வாங்கும்போது ஏன் பார்ப்பான்’ என்று சிலர் கேட்பதும் அதனால்தான்.

நான் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. பத்து வருடச் செலவு துளித்துளியாகப் போகிறது, முதல் வருடத்தில்தான் காசு ஒரேயடியாகத் தேவைப்படுகிறது. முதல் வருடத்துக்கு மொத்தமாக ஒன்றரை இலட்சம் ஒதுக்க முடிகிற குடும்பம் என்று வையுங்கள். பெரிய இனக் குட்டி ஆறு மாதத்திலேயே வளர்ந்த நாயளவு சாப்பிடும், ஆகவே ஒரு இலட்சத்துக்குக் கிட்டச் சாப்பாட்டுக்குப் போய்விடும். மிச்சம் ஐம்பதாயிரம். அதற்குள்தான் தடுப்பூசித் தொடர், பூச்சி மருந்து, உண்ணி மருந்து, வேலியில் ஓட்டை அடைப்பது, கருத்தடைச் சத்திரசிகிச்சை எல்லாம். குட்டிக்கு 20,000 கொடுத்தால் முப்பதாயிரம் கையில் நிற்கும். 55,000 கொடுத்தால் ஒன்றும் நிற்காது, ஐயாயிரம் குறையவும் செய்யும். பிறகு குட்டிக்கு வருத்தம் வந்தால், காசு இல்லாததால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லவேண்டி வரும். நாய்க்குட்டிக்கு அந்த இரண்டு நாள் கிடையாது.

பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் அப்படித்தான். வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுத்துவிடும். நாளாந்தம் சேலைன் ஏற்ற வேண்டும், நாட்கணக்கில். அந்த வைரஸ் மண்ணில் பல மாதம், சில நேரம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சீமெந்துத் தரையை பிளீச்சிங் கலந்து கழுவலாம், வளவு மண்ணை எப்படிக் கழுவுவது? ஆகவே உங்கள் வளவில் கடந்த ஒரு வருடத்துக்குள் குட்டி ஒன்று வயிற்றோட்டத்தில் செத்திருந்தால், முதலாவது வகைக் குட்டியை, அதாவது தடுப்பூசி போடாத சும்மா குட்டியை, நேராக வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. அந்த வீட்டுக்கு 20,000 ரூபாய்க் குட்டிதான் மலிவு. வளவு சுத்தமாக இருந்து, பக்கத்தில் கால்நடை வைத்தியரும் இருந்தால், மூவாயிரம் ரூபாய்க் குட்டியை எடுத்து மிச்சக் காசில் தடுப்பூசித் தொடரை நாமே போட்டுக்கொள்ளலாம். பார்வோவோடு வேறு சில நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமை இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு கிழமை ஆகும்வரை போக வேண்டும். ஒரு ஊசியோடு ‘எல்லாம் போட்டாச்சு’ என்று அட்டையைக் காட்டினால், போட்டது ஒன்று, போட வேண்டியது இன்னும் இருக்கிறது என்று கணக்கில் எடுங்கள்.

விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசியை நம் நாட்டில் அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் எப்போது, எங்கே என்று சொல்வார்கள். அதைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் ‘விசர் ஊசி போட்ட குட்டி, அதுதான் இந்த விலை’ என்று யாராவது சொன்னால், அதற்கென்று தனியாகக் காசு கொடுக்கக் காரணமில்லை. விலை கூட்ட நியாயமான ஊசி கூட்டு ஊசிதான், அதைக் காசு கொடுத்து வாங்கித்தான் போட வேண்டும்.

உண்ணி பற்றி ஒரு எச்சரிக்கை. வன்னியில் மாடும் ஆடும் நாயும் ஒரே வளவில் நிற்பதால் உண்ணிக்குப் பஞ்சமில்லை. உண்ணியால் வரும் காய்ச்சலில் நாயின் முரசு வெளுத்துப்போகும், சிறுநீர் கடும் நிறமாகும், உடனே பார்க்காவிட்டால் உயிர் போகும். குட்டி வாங்கும் வீட்டில் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பாருங்கள், முரசை விரலால் அழுத்திப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின், மாட்டுக்கு வைத்திருக்கும் மருந்தை அளவு குறைத்து நாய்க்குப் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கொலி என்ற மந்தை நாய் இனம், ஜேர்மன் ஷெப்பர்ட் வழி வந்த சில நாய்களில் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால், அந்த மாட்டு மருந்துகளில் ஒன்றான ஐவர்மெக்டின் அவற்றின் மூளைக்குள் போய் ஆளையே விழுத்திவிடும். உங்கள் கலப்புக் குட்டியில் அது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது.

இனி மூன்றாவது குட்டி, 55,000 ரூபாய்க் காரர். எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சொன்னேனோ, அதில் ஒன்றையும் இங்கிருந்தபடி பார்க்க முடியாது. தாயைப் பார்க்க முடியாது, வீடியோவில் காட்டும் நாய்தான் தாய் என்பதற்கு உறுதி இல்லை. குட்டிக்கு எட்டுக் கிழமையா ஐந்து கிழமையா என்று தெரியாது. ஐந்து கிழமையில் பிரித்த குட்டி கடியை அடக்கப் பழகியிருக்காது, அதைக் கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் கற்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய விடயம். பிறகு இரவு முழுக்க வாகனத்தில், பெட்டிக்குள், வாந்தி எடுத்தபடி வரும். பார்வோ தொற்றினால் வெளியே தெரிய ஒரு கிழமை, சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். வந்து இறங்கி நாலாம் நாள் விழுந்தால், அது அங்கே பிடித்ததா இங்கே பிடித்ததா என்று யார் தீர்ப்பது? விலையின் பெரும்பகுதி ‘ரொட்வைலர்’ என்ற சொல்லுக்குத்தான் போகிறது, கலப்புக் குட்டிக்கு அந்தச் சொல்லை உறுதிப்படுத்தும் பரம்பரைச் சான்றிதழ் கிடையாது. நேரில் போய்ப் பார்த்துத் தூக்கி வர முடியுமானால் மட்டும் யோசிக்கலாம், அப்போதும் அந்த விலைக்கு அல்ல.

இரண்டாவது வீட்டில் விலை பேசும்போது இப்படிக் கேட்கலாம்: “தம்பி, தாயை ஒருக்கா அவிழ்த்து விடுறீங்களோ? எங்கட பிள்ளையும் நிக்கட்டும், எப்பிடிப் பழகுது எண்டு பாப்பம்.” நல்ல மனதோடு வளர்ப்பவர் இதற்குச் சிரித்துக்கொண்டே அவிழ்த்து விடுவார். தாய் மனிதரைக் கண்டு பதுங்கினால், அல்லது சங்கிலியை அறுக்கப் பாய்ந்தால், குட்டிகள் அந்த நாயின் மடியில்தான் முதல் கிழமைகளைக் கழித்திருக்கின்றன என்பதை நினையுங்கள். மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் கிழமை வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதற்குத்தான் பழகும். வீட்டுக்குள் சட்டிச் சத்தம், பிள்ளைகளின் அழுகை, கோழி, மோட்டார் சைக்கிள் எல்லாம் கேட்டு வளர்ந்த குட்டிக்கும், பின்வளவுத் தகரக் கொட்டிலில் அடைபட்டிருந்த குட்டிக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே ஐயாயிரம் கூடக் கொடுப்பேன்.

கடுவனா பெட்டையா என்பதிலும் விலை மாறும். கடுவனுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், பெட்டைக் குட்டிகள் கேட்பாரில்லாமல் சந்தையடியிலும் சந்தியிலும் விடப்பட்டுக் கிடக்கின்றன. மனதை வருத்தும் காட்சி அது, ஊருக்கு ஊர் நடக்கிறது. குடும்ப நாய் என்றால் நான் பெட்டையைத்தான் சொல்வேன். நிறை கொஞ்சம் குறைவு, வயதானவர்களும் பிடித்து நடக்கலாம், ஊர் சுற்றப் போவது குறைவு. விலையில் மிஞ்சும் காசைக் கருத்தடைக்கு வைத்துவிடுங்கள். பெரிய உடம்புள்ள நாய்க்கு அதை எப்போது செய்வது என்று வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள், எலும்பு வளர்ச்சி முடிய முன் அவசரப்பட வேண்டாம்.

குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நாலாவது வழியும் உண்டு. குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் வளர்ந்த நாயைக் கொடுக்க இடம் தேடுகிறார்கள். இயக்கச்சியில் சிவபூமி நாய்கள் சரணாலயம் இருக்கிறது, அங்கேயும் விசாரித்துப் பார்க்கலாம். ஒன்றரை வயது நாய் என்றால் எவ்வளவு பெரிதாக வரும் என்ற ஊகமே தேவையில்லை, பிள்ளைகளோடும் கோழியோடும் எப்படி என்று அன்றைக்கே பார்த்துவிடலாம், பார்வோவுக்குப் பயப்பட வேண்டிய வயதையும் பெரும்பாலும் தாண்டியிருக்கும். புது வீட்டுக்குப் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும், அவ்வளவுதான். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இதுவே மேல் என்பது என் எண்ணம்.

இரண்டாவது குட்டியைத் தேர்ந்தால், 20,000ஐயும் உடனே எண்ணிக் கொடுக்க வேண்டாம். பதினைந்தாயிரத்தைக் கொடுத்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாளே அரச கால்நடை வைத்தியரிடம் காட்டி, மிச்சம் ஐயாயிரத்தைப் பத்தாம் நாள் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பார்வோ வெளியே தெரிய வேண்டிய நாட்கள் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். ஒப்புக்கொள்பவர் தன் குட்டியில் நம்பிக்கை உள்ளவர். ஒப்புக்கொள்ளாவிட்டால் கோபிக்கத் தேவையில்லை, காசு இப்போதே வேண்டும் என்றால் விலையை 17,000க்கு இறக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் இன்னும் இரண்டு கிழமை தாயோடு வைத்திருந்து, இரண்டாவது ஊசியையும் போட்டுத் தரச் சொல்லுங்கள், அப்போது 20,000 முழுவதையும் கொடுக்கலாம்.